பேச்சிக்கனி உட்கார்ந்திருந்த கோடை

கள்ளிக்கரட்டு அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் எல்லோரும், கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டு, சமூக அறிவியல் வினாத்தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டு, டவுனிலிருந்து மினி பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக ஊர் திரும்பி, பியூலா டீச்சர் தன் செலவில் வாங்கித் தந்த சேமியா ஐஸைத் தின்று முடித்து, குரூப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருதடவை அவரவர் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போமென்று வகுப்புக்குள் ஓடி உட்கார்ந்தார்கள். போட்டோக்காரர் கூப்பிட்டதும் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். ஜன்னலோரத்து இரண்டாவது பெஞ்சில் இருந்த பேச்சிக்கனி மட்டும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

“என்ன பேச்சி, காலு மரத்துப் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே பியூலா டீச்சர் உள்ளே வந்தார்.

“இல்ல டீச்சர். எந்திரிக்கணும்னுதான் நினைக்கேன். வர மாட்டேங்குது.”

டீச்சர் அவளுடைய அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தையே தூக்கப் பார்த்தது மாதிரி இருந்தது. நான்கு பையன்கள் வந்து பெஞ்சோடு தூக்கிப் பார்த்தார்கள். பெஞ்சும் அசையவில்லை. போட்டோக்காரருக்கு அன்றைக்கே இன்னொரு ஊரில் காதுகுத்து வீட்டில் வேலை இருந்ததால், அவர் அதிகம் யோசிக்காமல் எல்லோரையும் வகுப்புக்குள் வரச்சொல்லி, பேச்சிக்கனியைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உயர்நிலை என்று பெயர் இருந்தாலும் அதன் உயரம் பத்தோடு முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். போவதற்குக் காலையில் மினி பஸ் உண்டு; சாயங்காலம் திரும்புகிற பஸ் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்; விலக்கிலிருந்து ஊர்வரைக்கும் கருவேலங்காட்டு வழியே இருட்டில் நடந்து வர வேண்டும். அப்படி நடந்து வந்த ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கு முன் என்ன நடந்ததென்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கப்புறம் எந்தப் பெண்பிள்ளையும் பதினொன்று போகவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நூல் மில்லின் வேன் அப்படியில்லை. விடியும்போது வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிந்த கையோடு பியூலா டீச்சர் வீடு வீடாகப் போவார். உட்காரச் சொல்வார்கள், காப்பி கொடுப்பார்கள், டீச்சர் பேசுவதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார்கள், “நீங்க சொன்னா சரிதான் டீச்சர்” என்பார்கள். மறு வாரம் பிள்ளை வேனில் ஏறிவிடும். பதினாறு வருஷமாக இப்படித்தான்; முன்பு ஒன்றிரண்டு பேராவது படிக்கப் போனார்கள், இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. அவர் பாடம் நடத்திய பெண்களில் பாதிப் பேர் அந்த வேனின் ஜன்னல் வழியாக அவருக்குக் கையசைத்திருக்கிறார்கள்.

பேச்சிக்கனியின் அம்மா சண்முகத்தாய், வேலிக்கருவை விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் வேலை பார்ப்பவள். புருஷன் முறுக்குப் போட வடக்கே போனவன், முதல் வருஷம் போன் பேசினான், அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன். மகளை வேனில் ஏற்றிவிட ஏற்கெனவே மில்லுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தாள். தகவல் கேட்டு, கை முழுக்கக் கரியோடு அப்படியே ஓடிவந்தவள் மகளை இழுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், முதுகில் ரெண்டு வைத்தும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், “சோறு கொண்டாறேன், இரு” என்று எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து ஊர் வந்தது. பூசாரி வந்து திருநீறு போட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து, பிள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி, மற்றபடி ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். கிணறு வெட்டுகிறவர்கள் இரும்பு முக்காலியும் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் கொண்டுவந்து, வகுப்புக்குள் நிறுத்தி, அவள் இடுப்பில் சேலையைச் சுற்றி அதில் கொக்கி மாட்டி இழுத்தார்கள். முக்காலியின் மூன்று காலும் சிமிண்டுத் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கின. பேச்சிக்கனி அசையவில்லை, “கூசுது சித்தப்பா” என்று மட்டும் சொன்னாள். அவர்கள் சங்கிலியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு, தரையைப் பூசிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெண்கள் முதலில் கவலைப்பட்டது வேறு ஒரு காரியத்துக்காக. ஆனால் பேச்சிக்கனிக்குப் பசித்தது, தாகம் எடுத்தது, தூக்கம் வந்தது; மற்ற உபாதை எதுவும் வரவில்லை. அது தெரிந்ததும் ஊருக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி ஆயிற்று. இரண்டு நாளைக்கு ஒருதடவை நாலு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் கதவடி வழியாக ஓடி வேப்பங்கன்றுக்குப் போயிற்று.

தலைமையாசிரியர் அருமைநாயகம் சாருக்குத்தான் தூக்கம் போயிற்று. கடைசி வேலைநாள் அன்று எல்லா அறைகளையும் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அறைக்குள் மாணவி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. “டீச்சர், நீங்கதான் கிளாஸ் டீச்சர். நீங்களே பாத்துக்கிடுங்க” என்று அந்த ஒரு சாவியைப் பியூலா டீச்சர் கையில் கொடுத்துவிட்டு அவர் லீவுக்குப் போனார்.

டீச்சருக்கும் அந்தக் கோடையில் வேலைகள் இருந்தன. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போக வேண்டும். சென்னையில் மகளுக்குப் பேறுகாலம். சாவியைச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டு முகாமுக்குப் போனார், அது முடிந்து மகளிடம் போனார், பேரனைக் கையில் வாங்கிய மூன்றாம் நாளே, “பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள உக்காந்திருக்கு” என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். மகள் பேசவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் பேசவில்லை. திரும்பி வந்து தினமும் காலை பஸ்ஸில் கள்ளிக்கரட்டுக்குப் போய், கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, பேச்சிக்கனியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஒன்றும் செய்யாமல் இல்லை. முதல் வாரத்திலேயே சண்முகத்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, “பிள்ளைய எங்கூட டவுனுக்கு அனுப்பு. எங்க வீட்ல தங்கிப் படிக்கட்டும். நானும் அவரும் மட்டுந்தான் இருக்கோம்” என்றார்.

சண்முகத்தாய் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். “உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர். ஆனா நான் விடியக்கருக்கல்ல மூட்டத்துக்குப் போனா பொழுதடஞ்சுதான் வாறேன். சின்னவனுக்கு ராத்திரிச் சோறு யாரு வைப்பா? எம் மூச்சும் முன்ன மாதிரி இல்ல. இன்னும் எத்தன வருசம் கரி அள்ளுவேன்னு எனக்கே தெரியாது. மில்லுன்னா ராத்திரிக்கு வீட்டுல இருப்பா, கையில சம்பளமும் வரும். நான் என்ன செய்ய, சொல்லுங்க.”

 பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அதற்கு விடை இல்லை.

ரிசல்ட் வந்த அன்று பேச்சிக்கனி பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியிருந்தாள். சமூக அறிவியலில் நூறு. டீச்சர் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். ஊரே வகுப்பறைக்குள் வந்து அவள் வாயில் சீனி போட்டது. அந்தக் கூட்டத்தில்தான் சீனிராஜுக்கு யோசனை வந்தது. ஊராட்சித் தலைவர் பதவி அவன் பெண்டாட்டி பெயரில் இருந்தது, கையெழுத்து அவள் போடுவாள், மற்றதெல்லாம் சீனிராஜ். அவன் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னான்:

“இந்தப் புள்ள ஏன் எந்திரிக்க மாட்டேங்குதுன்னு இப்பந்தான் எனக்கு விளங்குது. நம்ம ஊருக்குப் பன்னண்டாப்பு வர்றவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு வைராக்கியமா உக்காந்திருக்கு!”

எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை நாளும் காரணம் இல்லாமல் இருந்த ஒரு விஷயத்துக்குக் காரணம் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். பேச்சிக்கனி மட்டும் டீச்சரைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, “நான் அப்படிச் சொல்லவே இல்லையே டீச்சர்” என்றாள். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து காற்று திசை மாறிற்று. பள்ளி வாசலில் அவள் படம் போட்ட பிளக்ஸ் பேனர் ஏறியது. மனு எழுதி ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேப்பங்கன்று பக்கத்தில் ஒருவன் சர்பத் கடை போட்டான். டிவிக்காரர்கள் வந்து, “உங்கள் கோரிக்கை என்ன?” என்று மைக்கை நீட்டினார்கள், அவள் யோசித்து, “ஃபேன் ஓடினா நல்லாருக்கும்” என்றாள், அன்றைக்கே ஃபேன் ரிப்பேர் ஆயிற்று. முன்பு அவளைத் தூக்கிவிடப் பாடுபட்டவர்கள் எல்லோரும் இப்போது, போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “எந்திரிச்சிராத தாயி. ஊரே ஒன்ன நம்பித்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சண்முகத்தாயும் மேஸ்திரியிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள். மேல்நிலை உள்ளூருக்கே வந்துவிட்டால் சோறும் வைக்கலாம், படிக்கவும் செய்யலாம் என்று அவளும் மனக்கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள். கரிமூட்டத்திலிருந்து வருகிற வழியில் வகுப்புக்கு வந்து, மகளின் காலடியில் உட்கார்ந்து, அங்கேயே சின்னவனுக்கும் சோறு பிசைந்து கொடுத்தாள்.

கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். கட்டடத்தின் நீள அகலத்தை அளந்தார், கழிப்பறையை எட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கடைசியில் பேச்சிக்கனியையும் எட்டிப் பார்த்து, “நல்லா படிக்கணும்” என்று சொல்லி, ஆவன செய்வதாக ஊர்க்காரர்களிடம் உறுதி சொல்லிவிட்டுப் போனார். ஊரில் அன்று வேட்டுப் போட்டார்கள்.

பியூலா டீச்சர் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிக்கனியின் பாதம் வீங்கியிருந்தது. பெஞ்சின் விளிம்பு பட்டுப் பட்டுத் தொடையின் பின்பக்கம் கறுத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. ஒரு மத்தியானம் டீச்சர் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

“டீச்சர், எனக்கு ஓடணும்போல இருக்கு.”

“ஓடலாம் பேச்சி.”

“எங்கயாச்சும் இல்ல. சும்மா, கம்மாக்கரை வரைக்கும்.” வீங்கின பாதத்தைத் தடவிக்கொண்டாள். “மில்லுக்குப் போன செல்வமணி அக்கா நேத்து வந்துச்சு டீச்சர். அங்க மெசினு ஓடுற பக்கமெல்லாம் நடந்துக்கிட்டே இருக்கணுமாம். எட்டு மணி நேரமும் நடையாம். அதக் கேட்டதும் எனக்கு ஆசையா இருந்துச்சு. அப்படி ஆசப்படலாமா டீச்சர்?”

டீச்சர் சீப்பைக் கீழே வைத்தார். பிறகு ரெட்டைச் சடையை இறுக்கிப் பின்னி, கறுப்பு ரிப்பன் வைத்துக் கட்டினார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் விலையில்லாப் புத்தகங்கள் வாங்குவதற்காக டீச்சர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். அங்கே கண்காணிப்பாளர், பழகின மனிதர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “உங்க ஊரு ஃபைல் திரும்பிருச்சு டீச்சர். பிள்ளைங்க எண்ணிக்கை பத்தலையாம்.”

“எங்க ஊர்ல இத்தன பிள்ளைங்க இருக்காங்களே சார்.”

“பத்தாப்பு வரைக்கும் இருக்காங்க. பொம்பளப் பிள்ளைங்க யாரும் அதுக்குமேல படிக்கப் போகலன்னு ரிப்போர்ட்ல இருக்குல்ல? மேல படிக்க ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு மேல்நிலைன்னு எழுதி அனுப்பிட்டாங்க.”

“மேல்நிலை இல்லாததாலதான சார் போகல.”

“எனக்குப் புரியுது டீச்சர். எழுதினவங்களுக்குப் புரியணும்ல. டீ ஆறுது, குடிங்க.”

டீச்சர் புத்தகக் கட்டுகளோடு ஆட்டோவில் திரும்பி வந்தார். அருமைநாயகம் சாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சீனிராஜ் அவசரமாக வந்து கதவைச் சாத்தினான். “இப்போதைக்கு யார்ட்டயும் மூச்சு விடாதீங்க. மறுபடி மனு போடுவோம். புள்ள உக்காந்திருக்கிற வரைக்குந்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகட்டுமே. அதுபாட்டுக்கு உக்காந்திருக்கு, சோறு திங்குது, என்ன குறச்சல்?”

“அவளுக்குக் கால் வீங்கியிருக்கு தம்பி.”

“டாக்டர வரச்சொல்லுதேன் டீச்சர்.”

பள்ளி திறந்த நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தார். பேச்சிக்கனி ஏற்கெனவே முகம் கழுவி, அம்மா கொண்டுவந்த பொட்டை வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். அவளைச் சுற்றி உட்காரப்போகிற புதிய பத்தாம் வகுப்புக்காகப் பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்த டீச்சரிடம் கேட்டாள்:

“நேத்து ஆபீஸுக்குப் போயிருந்தீங்களாமே டீச்சர். வருமா?”

டீச்சர் ஒரு பெஞ்சை நகர்த்தினார். சரியாகத்தான் இருந்த அதை மறுபடியும் நகர்த்தினார். வரும் என்று சொன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். இந்த வருஷமும், அடுத்த வருஷமும், ரெட்டைச் சடை நரைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். வராது என்று சொன்னால் என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரியும் இருந்தது. வகுப்பில் எத்தனையோ கேள்விக்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கிறார். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வராது பேச்சி.”

“அடுத்த வருசம்?”

“எனக்குத் தெரிஞ்சு வராது.”

பேச்சிக்கனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சின்னப் பிள்ளைகள் புதுப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. பெஞ்சு லேசாக ஆடியது, அவ்வளவுதான். கால் நடுங்கி விழப்போனவளை டீச்சர் தாங்கிப் பிடித்தார். கையில் கனமே தெரியவில்லை. செயின் பிளாக்கும் முக்காலியும் தோற்றுப்போன அந்த உடம்பை, ஐம்பத்தேழு வயதில் முட்டுவலியோடு அவர் ஒற்றைக் கையால் தாங்கினார். அத்தனை நாளும் அவளைத் தரையோடு இருத்தியிருந்தது என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது; அதைத் தன் வாயால் எடுத்துவிட்டோம் என்பதும் புரிந்தது.

“அழாதீங்க டீச்சர். நடந்திருவேன்” என்றாள் பேச்சிக்கனி.

சுவரைப் பிடித்து வாசல்வரை வந்தாள். வாசலிலிருந்து வேப்பங்கன்று வரை பிடிக்காமல் நடந்தாள். சர்பத் கடைக்காரன் வாய் பிளந்து நின்றான். காலை வணக்கத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், ஒரு காலை வைத்து, அடுத்த காலை வைத்து, பேனருக்கு அடியில் குனிந்து தெருவுக்குப் போய்விட்டாள்.

சீனிராஜ் எல்லோர் முன்னாலும் கத்தினான். “ஒரு பொய் சொன்னா என்ன டீச்சர் கொறஞ்சு போவீங்க? ஊரே உங்ககிட்ட பதில் கேக்கும், பாத்துக்கிடுங்க!” ஊர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டீச்சர் தெருவில் போனபோது எதிரே வந்தவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டொரு நாளில் பேனரை அவிழ்த்து யாரோ ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே போட்டார்கள். சர்பத் கடை வேறு ஊர்க் கோயில் கொடைக்குப் போயிற்று. மேல்நிலை வந்துவிடும் என்று நினைத்த நாட்கள் நினைக்காத நாட்களோடு சேர்ந்துகொண்டன.

சண்முகத்தாய் மட்டும் பஸ் நிற்குமிடத்துக்கு வந்து டீச்சருக்காகக் காத்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று டீச்சர் நினைத்தார். அப்படித் திட்டினால் நன்றாக இருக்குமென்றும் நினைத்தார்.

“நீங்க சொன்னதுதான் நல்லது டீச்சர்” என்றாள் சண்முகத்தாய். “நேத்து அவளுக்குக் காலுக்கு எண்ணெ தேச்சு விட்டேன். கம்மாக்கரை வரைக்கும் போயிட்டு வந்தா. திங்கக்கெழமை வேன்ல ஏத்திருதேன்.”  பஸ் வருகிறவரைக்கும் சேர்ந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை விலக்கில் மினி பஸ்ஸும் மில் வேனும் எதிரெதிரே வந்து ஒதுங்கின. வேனின் மூன்றாவது ஜன்னலில் பேச்சிக்கனி இருந்தாள். சீருடையாகக் கொடுத்த நீலக் கோட்டு அவளுக்குத் தோளைவிட்டு இறங்கியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையசைத்தாள். “மார்க் சீட்டு வந்தா வாங்கி வைங்க டீச்சர்!” என்று கத்தினாள். வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் மினி பஸ் ஊருக்குள் வந்துவிட்டது.

டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார். புதுப் பிள்ளைகள் எல்லோரும் சடாரென்று எழுந்து நின்று, “வணக்கம் டீச்சர்” என்று இழுத்துப் பாடினார்கள். ஜன்னலோரத்து இரண்டாவது பெஞ்சில் முத்துப்பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் டீச்சர் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காக அவர் வாயைப் பார்த்தார்கள்.

பதினாறு வருஷமாகத் தினமும் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அது வரவில்லை. சொல்லலாமென்று வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் திரும்பி, கரும்பலகையில் தேதியை எழுதினார், பாடத்தின் தலைப்பை எழுதினார், அதன் கீழே கோடு போட்டார், பாடத்தை ஆரம்பித்தார். மணி அடிக்கிறவரைக்கும் அந்த வகுப்பு முழுவதும் நின்றுகொண்டேதான் கேட்டது.